ஒண்டு போனா மத்தது

அம்பிட்டிய ஹில்மிக்கு இஞ்சினியர் பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் கொடுத்தது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முக்கால் மணி நேரம் இருக்கையில் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. நிர்வாகத்தினர் ஆளுக்கொரு பொத்தானைத் திருகினார்கள், தட்டினார்கள், ஒருவர் ஓதி ஊதிக்கூடப் பார்த்தார். கண்டி டவுனில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்த ஹில்மியைக் கையோடு கூட்டி வந்தார்கள். ஹில்மி எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். பிளக் கழன்று கிடந்தது. யாரோ கூட்டும்போது தும்புத்தடி பட்டு இழுபட்டிருக்க வேண்டும். எடுத்துச் செருகினார்.

செருகியவர் உடனே வெளியே வந்திருந்தால் இன்றைக்கு வெறும் ஹில்மியாக, நிம்மதியாக இருந்திருப்பார். வரவில்லை. இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்து, "உள்ளுக்கு ஒரு சர்க்கியூட் எரிஞ்சி போயிருந்த. வேற வழியால எடுத்து உட்டீக்கி" என்றார். அப்போது நிர்வாகத்தில் இளையவராக இருந்த பாரூக், பிற்காலத்தில் ஹாஜியாராகவும் பள்ளியின் தலைமை டிரஸ்டியாகவும் ஆகப்போகிறவர், ஹில்மியின் தோளைத் தட்டி, "எங்கட ஊருக்கும் ஒரு இஞ்சினியர் கெடச்சிட்டார்" என்று சொன்னார். அந்தச் சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு ஹில்மி செய்ததெல்லாம் அந்த இருபது நிமிடத்தைத் திரும்பத் திரும்ப நடித்ததுதான். டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் சின்னதாகக் கம்ப்யூட்டர் கடை போட்டார். அங்கே அவர் இரண்டே இரண்டு கொள்கைகளை வைத்துக் குப்பை கொட்டினார். ஒன்று, 'தெரியாது' என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது. மற்றது, கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் 'யெஸ்' அமத்த வேண்டும். வாடிக்கையாளருக்கும் அதையே பாடமாக எடுத்தார். "அது கேள்வி கேட்டா பயப்பட வேணாம். யெஸ் அமத்துங்க. நோ அமத்தினாத்தான் கொழப்பம்." எந்தப் பொருளோடும் வரும் கையேட்டை அவர் படித்ததே கிடையாது. கடையில் ஆடுகிற மேசைகளுக்கெல்லாம் காலடியில் மடித்து வைத்திருந்தார். அந்த வகையில் கையேடுகள் நல்ல உபயோகமாகத்தான் இருந்தன.

பட்டம் செல்லாத ஒரே இடம் வீடு. அவர் கழற்றிப் பூட்டிய மின்விசிறி வேகத்தைக் குறைத்தால் கூடும், கூட்டினால் நிற்கும். அவர் மனைவி மஸாஹிரா ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கணவர் கடைக்குப் போன பிறகு சதீஸுக்கு ஒரு கோல் எடுப்பார். சதீஸ் புசல்லாவைத் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் மின்சாதனக் கடையொன்றில் வேலை செய்கிற பையன். வருவான், பத்து நிமிடத்தில் சரிசெய்வான், போகும்போது, "அக்கா, சார் கேட்டா அதுவா சரியாப் போச்சுன்னு சொல்லிருங்க" என்று எச்சரித்துவிட்டுப் போவான். மாலையில் ஹில்மி வந்து விசிறியைப் பார்ப்பார். "பாத்தியா? நான் பூட்டினது செட்டாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்பார். மகள் ஸனா சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவிடுவாள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த ரெய்ட் கார்ட் வந்து சேர்ந்தது.

குண்டசாலையில் ருஷ்தியும் இன்ஷாபும் கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். இருவரும் சகலன்மார். அக்காவைக் கட்டிய ருஷ்தி மாமியார் வீட்டின் கீழ்த்தளத்தில், தங்கையைக் கட்டிய இன்ஷாப் மேல்தளத்தில். வாகனம் இல்லாத கராஜ் ஸ்டூடியோவாகியிருந்தது. ஆண்கள் பக்கம் இவர்கள் எடுப்பார்கள், பெண்கள் பக்கம் இவர்களின் மனைவிமார் எடுப்பார்கள். பொம்புளைகளின் படம் அந்நிய ஆணின் கண்ணில் படாது என்பதுதான் அந்த ஸ்டூடியோவின் பெயரே. அதனால் கண்டியைச் சுற்றியுள்ள பாதி நிக்காஹ் அவர்களிடம்தான் வந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு அவர்களுடைய ஹார்ட் டிஸ்க் ஒன்று செத்து, இரண்டு நிக்காஹ் படங்கள் அதோடு போய்விட்டன.

"ஒரு பொண்ணுட உம்மா இன்னமும் எங்களோட கதைக்கிறல்ல நாநா" என்றார் இன்ஷாப். "இனிமே இப்பிடி நடக்கக் கூடாது. என்னமாச்சும் செய்யுங்க."

"ரெய்ட் கார்ட் ஒண்டு போடுவம்" என்றார் ஹில்மி, தினமும் நாலு போடுகிறவர் போல. "ரெண்டு டிஸ்க் பூட்டுற. நீங்க ஒரு படம் போட்டா ரெண்டுலயும் விழும். ஒண்டு போனா மத்தது ஈக்கி."

இதுவரைக்கும் சொன்னது சரி. அப்படிச் செய்கிற கார்ட் உண்டு. இரண்டு டிஸ்கையும் அதில் இணைத்தால், கார்டே பார்த்து இரண்டிலும் ஒரே பிரதியை எழுதும். நாலு டெராபைட் டிஸ்க் இரண்டைச் சகலன்மார் தங்கள் கண்ணாலேயே பார்த்து வாங்கி வந்தார்கள். ஹில்மி கம்ப்யூட்டரின் பக்கப் பலகையைக் கழற்றினார், கார்டைச் செருகி ஆணி முறுக்கினார், வயர்களைக் கொடுத்தார். கார்டோடு வந்த கையேடு கராஜ் மேசைக் காலுக்குக் கீழே போனது. கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் கார்டின் பட்டியல் வந்தது. எப்படிச் சேர்க்கட்டும் என்று கேட்டது. இரண்டிலும் ஒரே பிரதி எழுதும் வகையைத்தான் ஹில்மி முதலில் தொட்டார். கீழே அளவு காட்டியது, நாலு.

அங்கேதான் அவர் தயங்கினார். எட்டு வாங்கிக் கொடுத்தவனுக்கு நாலு காட்டினால் என்ன ஆகும்? ருஷ்தி, கழற்றிய ஆணிகளைக்கூட எண்ணி வாங்கி வைக்கிற மனிதர். 'மத்த நாலு எங்க இஞ்சினியர்?' என்று கட்டாயம் கேட்பார். விளக்க வேண்டும். விளக்குவதென்றால் தெரிந்திருக்க வேண்டும். ஹில்மி அம்புக்குறியைக் கீழே நகர்த்தினார். அடுத்த வகைக்கு எட்டு காட்டியது. ஆஹா, இதுவல்லவா மரியாதையான வகை! அதற்கும் கீழே இரண்டு வரி எச்சரிக்கை இருந்தது. கார்ட் நிச்சயமா என்று கேட்டது. ஹில்மி யெஸ் அமத்தினார்.

"எட்டும் ஈக்கி பாருங்க" என்று ருஷ்திக்குக் காட்டினார். ருஷ்தி திருப்தியாகத் தலையாட்டினார்.

அவர் தெரிவு செய்த வகை பிரதி எடுக்காது. ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டை இந்த டிஸ்கிலும் அடுத்த துண்டை அந்த டிஸ்கிலுமாக மாறி மாறிப் போடும். வேகமாகப் போடும், அது உண்மை. ஆனால் இரண்டில் ஒன்று இல்லையென்றால் மிச்சமிருப்பது கிழித்துப்போட்ட காகிதத்தில் பாதிதான். இதை ஹில்மி எட்டு மாதம் கழித்து, கடையில் வேலையில்லாத ஒரு பின்னேரம், யாரோ ஓர் இந்தியப் பையன் போட்ட வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். குடித்துக்கொண்டிருந்த பிளேன்டி புரையேறியது. நியாயமான மனிதன் அன்றைக்கே குண்டசாலைக்கு பஸ் ஏறியிருப்பான். நம் இஞ்சினியர், ஓடுகிற மெஷினை எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்தார். நோன்பு முடியப் பார்ப்போம் என்றார். பிறகு ஹஜ் பெருநாள் முடிய என்றார். மெஷினும் பாவம், அவர் மானத்தைக் காப்பாற்ற இரண்டு வருடத்துக்கு மேல் மூச்சுப் பிடித்து ஓடியது.

இதற்கிடையில் ஸனாவுக்குக் கல்யாணம் சரிவந்தது. படம் எடுப்பதற்கு வேறு யாரைச் சொல்வது? ஒரு நாள் சாப்பிடும்போது ஸனா கேட்டாள். "வாப்பா, அந்த ஸ்டூடியோட மெஷின் நீங்க பூட்டினதா?"

"பின்ன? கார்ட், டிஸ்க், எல்லாம் நான்தான்" என்றார் ஹில்மி. சோற்றைப் பிசைந்தபடி சமாளித்துக்கொண்டார். ஸனா "ஆ" என்று மட்டும் சொன்னாள்.

வலீமா விருந்தில்தான் வினை வந்தது. ஹில்மியின் சொந்தக்காரர்கள் எல்லாம் சஹன் தாம்பாளங்களைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்ந்து கோழிக்கால் பிய்த்துக்கொண்டிருக்கையில், ஸ்டூடியோவின் ட்ரோன் மேலேயிருந்து வந்து ஒரு சஹனுக்கு நடுவில் சோற்றில் விழுந்தது. ஆறு பேரும் ட்ரோனை ஓரமாக நகர்த்திவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள், அது வேறு. ஆனால் விட்டது யார் என்பதில் சகலன்மாருக்குள் தொடங்கிய சண்டை மண்டபத்தோடு முடியவில்லை. கராஜுக்கு வந்தது, மாடிப்படி ஏறியது, அக்கா தங்கை பேச்சை நிறுத்தினார்கள். ஸனாவின் அல்பம் அப்படியே நின்றது. ஒன்றரை மாதத்தில் பாரூக் ஹாஜியாரைக் கூப்பிட்டு ஸ்டூடியோவைப் பிரிப்பதென்று முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு. மாப்பிள்ளை பெண்ணை உட்காரவைத்துப் படமெடுக்கும் தங்க நிறச் சோபாவில், பிளாஸ்டிக் ரோஜாக்களுக்கு நடுவில், ஹாஜியார் தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருந்தார். கெமரா ஆளுக்கொன்று போனது. லைட் ஆளுக்கு இரண்டு. விழுந்த ட்ரோனை இருவரும் வேண்டாமென்றார்கள். பிறகு ஹாஜியார் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"உள்ளுக்கு ரெண்டு டிஸ்க் ஈக்காமே. ரெண்டுலயும் ஒண்டுதானாமே. இதவிட லேசான பங்கு ஏது? ஆளுக்கொண்டு. அதுக்குத்தான் இஞ்சினியரையும் வரச் சொன்ன. கழட்டிக் குடுங்க ஹில்மி."

ஹில்மியின் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் மூன்று வருட நிக்காஹ்கள் இருந்தன. அவற்றோடு அவர் ஒரே மகளுடையதும் இருந்தது. ஒரு டிஸ்க் கீழேயும் மற்றது மேலேயும் போனால் எல்லாம் அந்த நிமிடமே போய்விடும். இதை அறிந்த ஒரே மனிதர் அவர்தான்.

"இத... பிரிச்சா சரிவராது ஹாஜியார்" என்றார்.

"ஏன்?"

"அது வந்து... சூடு மாறும்."

"சூடு ஆறினாத்தானே நல்லம்" என்றார் ருஷ்தி.

ஹில்மி பெட்டியைப் பார்த்தார். ஸனாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. தாளமுடியாமல் போயிற்று. மனிதர் உடைந்துவிட்டார்.

"ஹாஜியார், ரெண்டுலயும் ஒண்டு இல்ல. இதுல பாதி, அதுல பாதி. நான் பிழையா பூட்டின. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் பூட்டின. பிரிச்சா ஒரு படமும் மிஞ்சாது. அல்லாவுக்காக எனக்கி ரெண்டு நாள் தாங்க. முதல்ல எல்லாத்தயும் வேற ஒண்டுக்கு எடுத்துட்டுப் பிரிச்சித் தாரேன்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் வெளியே வந்திருந்தது. ஹாஜியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹாஜியாரின் கண் கலங்கியது.

"பாத்தீங்களா?" என்றார் சகலன்மாரைப் பார்த்து. "இதுதான் மனுசன். ஒங்க ரெண்டு பேரயும் பிரியாம வெச்சிக்கொள்ள, தன்ட பேரயே கெடுத்துக்கொள்றார். ரெண்டு பேர சேத்து வைக்கப் பொய் சொன்னா அது குத்தமில்லண்டு மார்க்கத்துலயே ஈக்கி. ஹில்மி, இந்தப் பொய்க்கு ஒங்களுக்குக் கூலி ஈக்கி."

"பொய் இல்ல ஹாஜியார்!"

"அப்பிடித்தான் சொல்லணும்" என்றார் ஹாஜியார் பாசத்தோடு.

"நாநா, ஒங்கட நல்ல மனசு வெளங்குது" என்றார் இன்ஷாப். "ஆனா வேற டிஸ்குக்கு எடுக்கிறது ஏலாது. பொம்புளைகள்ட படம். நம்பித் தந்த அமானிதம். ரெண்டு எடத்துல ஈக்கிறது போதும். மூணாவதா ஒண்டு ஒங்கட கடையில போய் இருந்தா நாங்க யாருக்குப் பதில் சொல்ற?"

சகலன்மார் ஒன்றரை மாதத்தில் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

ஹில்மிக்கு வெறி பிடித்தமாதிரி ஆயிற்று. "ஒரு டிஸ்க்க கழட்டிட்டுப் போட்டுக் காட்டுறேன். ஒண்டும் வராது. பாருங்க!"

ருஷ்தி சிரித்தார். "நீங்க இஞ்சினியர். வரக் கூடாதுண்டு நெனச்சா வராமச் செய்ய ஒங்களுக்கு எவ்ளோ நேரம் எடுக்கும்?"

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அதையும் எடுத்து வைத்தார். "ஹாஜியார், அண்டைக்கிப் பள்ளி ஸ்பீக்கர். சர்க்கியூட் ஒண்டும் எரியல்ல. பிளக் கழண்டு கெடந்த. நான் செருகின. அவ்ளோதான். நான் இஞ்சினியரே இல்ல."

ஹாஜியார் எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "ஒரு பிளக்கச் செருக இருபது நிமிஷம் யாராவது உள்ளுக்கு இருப்பாங்களா? நான் வாசல்ல நிண்டவன், மணி பாத்தவன். இவ்ளோ தூரம் எறங்க வேணாம் ஹில்மி. விடுங்க, அவங்க பிரியட்டும்."

ஹில்மி ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டார். கழற்ற மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். ருஷ்தி அதை எடுத்து, ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கழற்றி, டிஸ்க் இரண்டையும் தானே வெளியே எடுத்தார். மேல்வீட்டுக்கு ஒன்று, கீழ்வீட்டுக்கு ஒன்று. இரண்டு மனைவிமாரும் புதுக் கைலேஞ்சித் துணியில் சுற்றி அலுமாரிக்குக் கொண்டுபோனார்கள். அனாதையாக நின்ற கார்டை ஹாஜியார், "இது இஞ்சினியருக்கு, எங்கட ஞாபகமா" என்று ஹில்மியின் சட்டைப் பையில் வைத்தார்.

ஹில்மி வாசலில் நின்றுகொண்டு இருவரிடமும் கெஞ்சினார். "டிஸ்க்க எதுலயும் பூட்டாதீங்க. என்ன கேட்டாலும் யெஸ் அமத்தாதீங்க." அவர்கள் சரி சரி என்றார்கள். இருபத்திரண்டு வருடம் போதித்ததை வாசலில் நின்று ஒரு நிமிடத்தில் மாற்ற முடியுமா?

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஷாப் கோல் எடுத்தார். குரல் கொதித்தது. "நாநா, டிஸ்க்க என்ட லெப்டொப்ல பூட்டின. காலி. வெறும் காலி! அவர் நல்லத எடுத்துட்டு எனக்கி வெறும் டிஸ்க்கத் தந்தீக்கார்."

"அது ஏதாவது கேட்டதா?" என்றார் ஹில்மி.

"ஓ, போர்மட் செய்யவாண்டு கேட்ட. யெஸ் அமத்தின. இப்ப நேத்து எடுத்த நிக்காஹ் ஒண்டு ஏத்திட்டு ஈக்கிறேன்."

பதினொரு மணிக்கு ருஷ்தி. அதே கதை, அதே யெஸ், சகலன் மீது அதே திட்டு. இருவரில் ஒருவர்கூட ஹில்மியைக் குறை சொல்லவில்லை. மாறாக, "நீங்க நேத்தே சொன்ன. பிரிய வேணாம்ண்டு பொய் கூடச் சொல்லிப் பாத்த. நாங்கதான் கேக்கல்ல" என்று ருஷ்தி தழுதழுத்தார். அன்று மஃரிப் தொழுகை முடிந்து ஹாஜியார் அதை நாலு பேர் கூடியிருக்கையில் சொல்ல, அந்த வாரம் மட்டும் ஹில்மியின் கடைக்கு ஐந்து புது வாடிக்கையாளர் வந்தார்கள். உண்மையைச் சொன்னதற்கு இப்படியொரு தண்டனை கிடைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மகளிடம் சொல்வதுதான் மிச்சமிருந்தது. நாலு நாள் தள்ளிப்போட்டார். ஐந்தாம் நாள் பின்னேரம் ஸனா புருஷனோடு வந்திருந்தாள். மருமகன் மாமியோடு கதைத்துக்கொண்டிருக்க, ஹில்மி மகளை முன்னறைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரவைத்தார். கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"மகள், ஒங்கட கல்யாணப் படம் இல்ல. எல்லாம் போயிட்டு. அவங்க பிழை இல்ல. நான் பூட்டின பிழை. எனக்கித் தெரியாமத்தான் பூட்டின." இந்த முறையும் நம்பமாட்டார்களோ என்ற பயத்தில், "சத்தியமா தெரியாது மகள்" என்று சேர்த்துச் சொன்னார்.

ஸனா ஆச்சரியப்படவே இல்லை. கண்கூட விரியவில்லை. உலகத்தில் அவரை முதல் சொல்லிலேயே நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

"தெரியும் வாப்பா" என்றாள்.

"எது தெரியும்?"

"நீங்க பூட்டினதுண்டு அண்டைக்கிச் சோறு சாப்பிடக்குள்ள சொன்னீங்கதானே." போனை எடுத்துத் திறந்தாள். "வலீமா முடிஞ்ச மத்த நாளே வந்த எல்லார்ட போன்லயும் ஈந்த படத்தக் கேட்டு வாங்கின. உம்மாவும் நானும். எழுநூத்திச் சொச்சம் ஈக்கி."

ஹில்மி போனை வாங்கினார். ஆடிய படங்கள், பாதி தலை வெட்டுப்பட்ட படங்கள், ஒரு சித்தப்பாவின் விரல் மறைத்த படங்கள். ஒவ்வொன்றிலும் ஸனா சிரித்துக்கொண்டிருந்தாள். சோற்றில் விழுந்த ட்ரோனும் இருந்தது. ஒரு படத்தில் பின்னால் தூரத்தில் ஹில்மியே நின்றுகொண்டு, ஒரு விரலை உயர்த்தி, யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். எதை விளக்கினாரென்று அவருக்கே ஞாபகம் வரவில்லை. மகளுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"இது ஒங்கட போன்ல மட்டுமா ஈக்கி?" என்று கேட்டார், கண்ணைத் துடைத்தபடி.

"இல்ல வாப்பா. உம்மாட போன்லயும் போட்டு வெச்சீக்கி."

"ரெண்டுலயும் முழுசாவா?"

"ஓ, முழுசா. ஒண்டு போனா மத்தது ஈக்கணுமே" என்றாள் ஸனா. "நீங்கதானே வாப்பா ஊரெல்லாம் சொல்லிக் குடுக்கிற."